ஜரிகை தெரியும், பட்டு தெரியாது

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வயிறு, இடுப்பு எக்ஸ்ரேவுக்கு வருகிற பெண்களிடம் புடவையை மாற்றிக்கொண்டு வரச் சொல்வோம். பட்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதால்தான் சொல்கிறோம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். பட்டுக்கு ஒன்றும் ஆகாது. பட்டு படத்தில் வரவே வராது. எத்தனை மடிப்பாக இருந்தாலும் எக்ஸ்ரே கதிர் அதற்குள் புகுந்து போய்விடும். சங்கடம் ஜரிகையால்தான். அசல் வெள்ளி ஜரிகை போட்ட கரையாக இருந்தால், இடுப்பெலும்புக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகளாக விழுந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும்.

ஆரணி, கண்ணமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கு ஜரிகை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பட்டு நூல், அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்று, அதற்கு மேல் தங்க முலாம். எக்ஸ்ரே கண்ணுக்கு உள்ளே இருக்கிற நூல் தெரியாது, சுற்றியிருக்கிற வெள்ளி மட்டும் தெரியும். தெரியாத பொருளோடு தெரிகிற பொருளைச் சேர்த்துவிட்டால், தெரியாததும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். உடம்புக்குள் வைக்கிற வைத்தியச் சாமான்களின் வரலாற்றில் இந்த ஒரு விஷயம் எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நுண்கதிர் வீச்சாளராக இருட்டறையில் காலம் தள்ளியவன் என்கிற உரிமையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8-ஆம் தேதி. டிசம்பர் 22-ல் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பு தெரிந்தது. அதைவிடப் பளிச்சென்று விரலில் இருந்த மோதிரம் தெரிந்தது. சதை இருக்கிற இடம் மங்கல். ஏன் இப்படி என்றால், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் அணு எண் உண்டு. கரி 6, ஆக்ஸிஜன் 8, எலும்பில் இருக்கிற கால்சியம் 20, வெள்ளி 47, தங்கம் 79, ஈயம் 82. எண் ஏற ஏறக் கதிரைத் தடுக்கும் திறனும் ஏறும். அது நேர்க்கணக்காக ஏறாது, ஏறக்குறைய மும்மடிக் கணக்கில் ஏறும். எண் இரண்டு மடங்கானால் தடுப்பு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு.

கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் இவற்றால் ஆனது எதுவும் உடம்புச் சதையோடு சதையாகக் கரைந்துவிடும். பஞ்சு, பட்டு, மரம், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இந்தக் கணக்கில் ஒரே சாதி. நம் பக்கத்தில் காலில் கருவேல முள் குத்தி உடைந்து உள்ளே தங்கியவர்கள் எத்தனை பேர் வந்திருப்பார்கள்! "படம் எடுத்துப் பாருங்க சார், உள்ள இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்பார்கள். முள் தெரியாது. பாட்டில் கண்ணாடித் துண்டு தெரியும், முள் தெரியாது. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மிஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறுவார்கள்.

ஆஸ்பத்திரியில் உடம்புக்குள் வைக்கிற சாமான்கள் இரும்பாகவும் எஃகாகவும் இருந்தவரை இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிளாஸ்டிக் வந்த பிறகுதான் பிரச்சினை வந்தது. சதையை உறுத்தாது, துருப்பிடிக்காது, வளையும், விலை குறைவு. எல்லாம் சரி. ஆனால் உள்ளே போட்ட பிறகு அது எங்கே இருக்கிறது, உடைந்ததா, நகர்ந்ததா, விழுந்தேவிட்டதா என்று கேட்டால் எக்ஸ்ரே வாய் திறக்காது.

அதற்குக் கிடைத்த மருந்துதான் பேரியம். வயிற்றுப் புண்ணுக்குப் படம் எடுக்கப் போனவர்கள் அந்தச் சுண்ணாம்புக் கஞ்சியை மறந்திருக்க மாட்டார்கள். முதலில், 1904 வாக்கில், ரீடர் என்ற ஜெர்மன் டாக்டர் பிஸ்மத் உப்பைக் கஞ்சியில் கலந்து கொடுத்துக் குடலைப் படம் எடுத்தார். சிலருக்கு அது விஷமாகிவிட்டது. 1910-க்குப் பிறகு பேரியம் சல்ஃபேட் அந்த இடத்தைப் பிடித்தது. பேரியத்தின் அணு எண் 56. பேரியம் பொதுவாகப் பொல்லாதது. பேரியம் கார்பனேட் எலி மருந்து. பட்டாசில் பச்சை வெளிச்சம் தருவது பேரியம் நைட்ரேட். சல்ஃபேட் மட்டும் தண்ணீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது. போன வழியே வெளியே வந்துவிடும். இதன் தாதுக்கல் நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. திருப்பதி தாண்டிக் கடப்பா பக்கத்து மங்கம்பேட்டையில் இருப்பது உலகத்திலேயே பெரிய பேரைட்ஸ் சுரங்கங்களில் ஒன்று. அங்கே வெட்டுகிற கல்லில் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்குத்தான் போகிறது என்பது வேறு கதை.

இந்தப் பேரியம் சல்ஃபேட் பொடியை உருகிய பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்தால் என்ன? பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கும், பேரியம் பேரியமாகவே இருக்கும். மண்சுவரில் வைக்கோல் கலப்பது போல. இதைத்தான் கலப்புப் பொருள் என்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் ஒற்றுகிற துணியிலும் இப்படித்தான் பேரியம் ஏற்றிய ஒரு நூலை, பெரும்பாலும் நீல நிறத்தில், சேர்த்து வைத்திருப்பார்கள். துணி உள்ளேயே தங்கிவிட்டால் மற்ற பஞ்சு நூல் தெரியாது, அந்த ஒரு நூல் சுருண்டு கிடப்பது தெரியும். அதுவும் ஜரிகை வேலைதான்.

இந்தக் கலப்புப் பொருளை இந்தியாவில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் கொண்டுபோனது லூப்.

லூப்பை நினைவிருக்கிறதா? சிவப்பு முக்கோணத்துக்கும் "நாம் இருவர் நமக்கு இருவர்" சுவர் விளம்பரத்துக்கும் முன்பே வந்தது. நம் பக்கத்தில் "வளையம்" என்றும் சொல்வார்கள். பெரியவர்கள் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். சிறுவனாக இருந்த எனக்கு அது ஏதோ காதில் போடுகிற நகை என்றுதான் எண்ணம்.

லூப்புக்கு ஒரு தாத்தா உண்டு. அதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1920-களில் பெர்லினில் கிராஃபென்பெர்க் என்ற மகப்பேறு மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் வளையம் ஒன்றைச் செய்தார். எதனால் தெரியுமா? பட்டுப்புழு நரம்பு. புழு கூடு கட்டப்போகிற சமயத்தில் அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்துக் காயவைத்தால் கெட்டியான நரம்பு கிடைக்கும். தூண்டிலுக்கும் தையலுக்கும் பயன்படுத்துவார்கள். அந்த நரம்பின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றினார். பட்டின் மேல் வெள்ளிச் சுற்று! வெள்ளி இருந்ததால் எக்ஸ்ரேயில் தெரிந்தது. புண்ணாகிறது, சீழ் பிடிக்கிறது என்று மற்ற மருத்துவர்கள் எதிர்த்ததில் அந்த வளையம் பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டது.

மறுபடி அதற்கு உயிர் வந்தது பிளாஸ்டிக்கால். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஜாக் லிப்பிஸ் என்ற மருத்துவர், இரண்டு எஸ் எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற பாலித்தீன் வளைவு ஒன்றைச் செய்தார். 1962-ல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் உலகத்துக்கு அறிமுகமானது. அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதை நீட்டி ஒரு மெல்லிய குழாய்க்குள் நுழைத்து உள்ளே தள்ளினால், வெளியே வந்ததும் பழைய வளைவுக்குத் திரும்பிக்கொள்ளும். அடியில் இரண்டு நைலான் நூல். நூல் தட்டுப்பட்டால் லூப் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நூலையும் நம்பாமல் லிப்பிஸ் செய்த இன்னொரு ஏற்பாடுதான் நம் விஷயம். பாலித்தீனில் பேரியம் சல்ஃபேட் கலந்திருந்தது. நூல் காணாமல் போனாலும் படம் எடுத்தால் முழு உருவமும் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் இது ரொம்பப் பொறுப்பான வேலை. ஒரு பொருளை உண்டாக்குகிறபோதே, என்றைக்காவது இது தப்பிப் போகும், அன்றைக்கு யாராவது தேடுவார்கள் என்று நினைத்து, தேடுகிறவனுக்கு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தியாவுக்கு அது 1965-ல் வந்தது. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் டாக்டர் சுசீலா நய்யார். மதராஸ் மாநிலத்தில் ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. லூப் வந்ததும் தில்லியில் இருந்தவர்களுக்கு இதுதான் பரிகாரம் என்று தோன்றிவிட்டது. ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை, சில நிமிஷ வேலை, விலை சில பைசா. கான்பூரில் ஆலை வைத்து இங்கேயே தயாரித்தார்கள். 1965-66-ல் நாடு முழுவதும் ஏறத்தாழ 8 லட்சம் பெண்களுக்குப் பொருத்தினார்கள். அடுத்த வருஷம் ஏறத்தாழ 9 லட்சம். அதற்கடுத்த வருஷம் 7 லட்சத்துக்குக் கீழே வந்து, 1968-69-ல் 5 லட்சத்தையும் தொடவில்லை.

ஏன் சரிந்தது? ரத்தப்போக்கு. ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பு, அதில் மாசம் பத்து நாள் போக்கு என்றால் எந்தப் பெண் தாங்குவாள்? சிலருக்கு வலி. சிலருக்குத் தானாகவே வெளியே வந்துவிட்டது. அதோடு வதந்தி. லூப் வயிற்றை விட்டு நெஞ்சுக்கு ஏறிவிடும், மூளைக்குப் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. அபூர்வமாகக் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக் குழிக்குள் போவதுண்டு. அதுவும் உண்மைதான். அந்த இடத்தில்தான் பேரியம் பேச வேண்டும். "இதோ பாரம்மா, இங்கேதான் இருக்கிறது" என்று படத்தைக் காட்டினால் எந்த வதந்தியும் நிற்காது.

படம் எடுப்பதற்கும் முறை இருந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சந்தேகம் தீராவிட்டால் மருத்துவர் கருப்பைக்குள் ஓர் உலோகக் கம்பியை வைத்துக்கொள்வார். கம்பியும் லூப்பும் இரண்டு படத்திலும் ஒட்டியே இருந்தால் லூப் உள்ளே இருக்கிறது. விலகி நின்றால் வெளியே போய்விட்டது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இதெல்லாம்.

ஆனால் படம் எடுக்க யார் இருந்தார்கள்? பள்ளிக்கூடத்திலோ சாவடியிலோ முகாம் போட்டார்கள். பொருத்தினார்கள். கணக்கெழுதிக்கொண்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். இலக்கு இத்தனை லூப் என்று மேலே இருந்து வந்தது, திரும்பப் பார்த்தது இத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே மிஷின் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கிராமத்துப் பெண் போய்வர ஒரு நாள் கூலி போகும். பார்ப்பதற்கென்றே பொருளில் பேரியத்தைக் கலந்தவர்கள் இருந்தார்கள். பார்க்கிறவர்கள்தான் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1984 என்று நினைவு. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா, நாற்பது வயதுக்குள் இருக்கும், சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றுப் படத்துக்கு வந்திருந்தார். நான் படத்தைக் கழுவி, ஈரத்தோடு வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். கல் ஒன்றும் இல்லை. கீழே இடுப்பெலும்புக் கூட்டுக்கு நடுவில், கோலம் போட்டது போல் அத்தனை சுத்தமாக, லூப்.

எங்கள் வேலை படம் எடுப்பது. அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை. லேடி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு முகாமில் லூப் வைத்திருக்கிறார்கள். சில மாசத்தில் ரத்தப்போக்கு. முகாம் நடந்த இடத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே யாரும் இல்லை. வேறோர் இடத்தில் காட்டியதற்கு, நூலைக் காணோம், தானாக விழுந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போக்கும் நின்றுவிட்டது. இவரும் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஆண் குழந்தை வேண்டும் என்று படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு தொட்டில் கட்டியிருக்கிறார். ஏழெட்டு வருஷம் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி மெதுவாக விளக்கினார். அந்த அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "அப்போ எம்மேல ஒரு கொறையும் இல்லியா, தாயி?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இந்தப் படத்த எனக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

படம் ஆஸ்பத்திரிச் சொத்து, கொடுக்கக்கூடாது. டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, "கொடுத்துடுங்க" என்றார். காயவைத்துப் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தேன். முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனார். வீட்டில் யாரிடம் காட்டினாரோ எனக்குத் தெரியாது.

1970-களின் பிற்பகுதியிலிருந்து காப்பர்-டி வந்து லூப்பின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது. செம்புக் கம்பி சுற்றியிருந்தாலும் அதன் பிளாஸ்டிக் உடலிலும் பேரியம் சல்ஃபேட்தான். லிப்பிஸ் வைத்த வழக்கம் தொடர்ந்தது. இப்போது அல்ட்ராசவுண்டு வந்துவிட்டதால் இதற்காக எக்ஸ்ரே எடுப்பது குறைந்துவிட்டது.

இனி நம் வயதுக்காரர்களின் சமாச்சாரத்துக்கு வருகிறேன். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் உங்கள் படத்தை எடுத்துப் பாருங்கள். தொடையெலும்பின் நுனியில் ஓர் உலோகக் கவசம், கீழே காலெலும்பின் மேல் இன்னோர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம். "நடுவில ஒன்னும் வைக்கலியே, டாக்டர் ஏமாத்திட்டாரா?" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். அது வெற்றிடம் இல்லை. அங்கே கெட்டியான பாலித்தீன் துண்டு இருக்கிறது. லூப்புக்கு உறவுதான், ஆனால் மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட, தேயாத ரகம். அதில் பேரியம் இல்லை, அதனால் தெரியவில்லை. அந்த இடைவெளியின் அளவைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறதா என்று கணிக்கிறார்கள். எலும்பையும் உலோகத்தையும் ஒட்டுகிற சிமென்டும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். அதில் பேரியம் அல்லது சிர்கோனியம் பொடி கலந்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும்.

இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி காட்டிய இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் இந்தப் பாலித்தீனைக் கிண்ணமாகச் செய்து வைத்தார். கிண்ணம் தெரியாது அல்லவா? அதனால் அதைச் சுற்றி மெல்லிய கம்பி ஒன்றைப் பதித்தார்கள். படத்தில் கம்பியைப் பார்த்துக் கிண்ணம் சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் முழுக்கப் பேரியத்தைக் கலக்காமல் ஏன் கம்பி என்று கேட்கலாம். பொடி கலந்தால் பிளாஸ்டிக்கின் உறுதி குறையும். பொடித் துகள் உதிர்ந்து இரண்டு உராயும் பரப்புகளுக்கு நடுவில் சிக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதையாகிவிடும். லூப் சும்மா கிடக்கிற சாமான், அதில் கலக்கலாம். நாள் முழுக்க உராய்கிற சாமானில் யோசிக்க வேண்டும்.

இதே பாலித்தீன்தான் திருவனந்தபுரத்தில் ஓர் இதய வால்வுக்குள் போனது.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு இதய வால்வு கெட்டுப்போவது நெருக்கமான வீடுகளில் வாழ்கிற ஏழைகளின் வியாதி. வெளிநாட்டு வால்வு அவர்கள் கனவிலும் வாங்க முடியாத விலை. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு கூட்டம் இங்கேயே வால்வு செய்ய இறங்கியது. மூன்று மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. வட்டுக்குச் சபையர் கல்லைக்கூட முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். நான்காவதில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பாலித்தீன் வட்டு, சுற்றித் தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க ஆரம்பித்து, இதுவரை லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. வலியத்தான் 2024-ல் காலமானார். பத்திரிகைகள் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அந்த வால்வை எக்ஸ்ரே எடுத்தால் சட்டம் தெரியும், வட்டு தெரியாது. "வெறும் வளையம்தான் இருக்கு, உள்ளே ஒன்னுமே இல்லியே?" என்று படத்தைப் பார்த்துத் திகைத்த இளம் டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது விளையாட்டான விஷயம் இல்லை. செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து வட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டால் உயிர் போகும். அதனால்தான் அந்த நோயாளிகள் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். 1977-ல் வந்த செயின்ட் ஜூட் என்ற அமெரிக்க வால்வின் இரண்டு இதழ்களும் கரியால் ஆனவை. ஆனால் உள்ளே இருக்கிற கிராஃபைட்டில் டங்ஸ்டன் சேர்த்திருப்பார்கள். அதனால், ஓடுகிற எக்ஸ்ரேயில் பார்த்தால் இதழ்கள் கோடாகத் திறந்து மூடுவது தெரியும். சில நிமிஷத்தில் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஸ்வீடன் டாக்டர் பியோர்க் பெயர் கொண்ட வால்விலும் பின்னாளில் வட்டுக்குள் டான்டலம் வளையம் ஒன்றைப் பதித்தார்கள். நம் சித்ரா வால்வில் அந்த வழி இல்லை. எக்கோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்வதா? என் அபிப்பிராயத்தில் குறைதான், ஆனால் தெரிந்தே ஏற்றுக்கொள்ளத்தக்க குறை. நாளைக்கு லட்சம் தடவை சட்டத்தில் இடித்துக்கொள்ளும் வட்டு அது. பலவற்றைத் தோற்றுக் கடைசியாக நின்ற பொருள் அது. அதில் ஒரு பொடியைக் கலந்து கெடுக்கத் துணியாததை நான் குற்றம் சொல்லமாட்டேன். வாங்க முடிகிற விலையில் வால்வு கிடைத்ததால் பிழைத்தவர்கள் நம் தாலுக்காவிலேயே இருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் வேலை நடந்திருக்கிறது. தெரியாமல் இருந்தால்தான் நல்லது என்கிற சாமான்களும் உண்டு. நொறுங்கிய காலைச் சுற்றி வெளியே மாட்டுகிற ரஷ்யாக்காரர் இலிசரோவின் வளையங்கள் எஃகால் செய்யப்பட்டபோது எங்களுக்குப் பெரிய தலைவலி. எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுத்தால், சரியாக முறிவுக்கு மேலேயே வளையத்தின் நிழல் விழும். காலைத் திருப்பித் திருப்பி நாலு படம் எடுப்போம். பிறகு கரி இழையை எப்பாக்ஸிப் பசையில் ஊறவைத்துச் செய்த வளையங்கள் வந்தன. எஃகுக்கு ஈடான பலம், எடை கொஞ்சம், படத்தில் லேசான நிழல்தான். சி.டி. ஸ்கேனில் நாம் படுக்கிற பலகையும் அதே கரி இழைதான். அதன் நிழல் யாருக்கும் இடைஞ்சலாக வந்ததில்லை. இதய ரத்தக்குழாயில் வைத்துக் கரைந்துபோகிற பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்று 2012 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. அதுவும் தெரியாத பொருள் என்பதால் இரண்டு முனையிலும் பொட்டு போலப் பிளாட்டினம் வைத்திருந்தார்கள். உறைகட்டி வருவது கூடுதல் என்று தெரிந்து 2017-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

வால்வு வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். என்ன வால்வு, எந்த அளவு, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். அதை பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனை எழுதுகிற நோட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள். ராத்திரி மூச்சுத் திணறலென்று தெரியாத ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே இருக்கிற டாக்டருக்கு இது சித்ரா வால்வு என்று அந்த அட்டைதான் சொல்லும். வட்டை எக்ஸ்ரேயில் தேடாமல் நேராக எக்கோவுக்கு அனுப்பிவிடுவார்.